மாரி விரால்

மாரிராஜ் என்னை 'ஏலே' என்று கூப்பிட்டு அறுபத்தைந்து நாள் ஆகியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து அவனுக்குக் கோவில்பட்டி பஸ். இனி வர மாட்டான். ஏறுவதற்குள் ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிட்டுவிட மாட்டானா என்றுதான் அவனை ஏரிக்கு அழைத்துப் போனேன்.

மாரிக்கு எல்லோரும் 'ங்க'தான். சூப்பர்வைசரும் 'ங்க', மாத்தூரில் டீ போடும் கோமதியம்மாளும் 'ங்க', அவனோடு ஒரே அறையில் தங்கி எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும், அவனைவிட நான்கு வயது சின்னவனான அறிவுமதியும் 'ங்க'. என்னை மட்டும்தான் முதல் நாளே 'ஏலே' என்றான். மூன்று வருடத்துக்கு முன்பு, கேன்டீன் வரிசையில். என் பையின் ஜிப்பில் ஒரு பழைய தூண்டில் முள் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏலே, நீ மீன் புடிப்பியா?" என்று கேட்டான். கேட்ட குரலில் ஏதோ நாங்கள் சின்ன வயதில் ஒரே தெருவில் விளையாடிப் பிரிந்துபோனவர்கள் மாதிரி இருந்தது. எனக்குச் சொந்த ஊர் குன்றத்தூர். மண்புழுவைக் கோர்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதைத்தான் அதுவரை மீன் பிடிப்பது என்று நினைத்திருந்தேன்.

லூர் என்கிற பொய் இரையை எனக்குக் காட்டியவன் அவன்தான். ரப்பரில் செய்த தவளை. வயிற்றில் ஒன்றுமில்லை, காற்றுதான். முதுகோடு ஒட்டி இரண்டு முள். அல்லி இலை மேல், ஆகாயத்தாமரை மேல் எங்கே விழுந்தாலும் சிக்காது. விரால் வந்து கவ்வினால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். "கலங்கல் தண்ணின்னா கறுப்புத் தவள, வெயில் அடிச்சா வெள்ள வயிறு," என்பான். தவளையின் கால் குஞ்சத்தைக் கத்தரிக்கோலால் ஒரு பக்கம் கொஞ்சம் குட்டையாக வெட்டுவான், நேராகப் போகாமல் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பி நடக்குமாம். அதை நடக்கவிட்டுப் பிறகு நிறுத்த வேண்டும். நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது என்பான். நிறுத்திய அந்த இடத்தில், தண்ணீருக்குக் கீழே யாரோ முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அவனுடையது ஏழடி ராடு, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உருளை ரீல். வீசும்போது உருளையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும், விரலை எடுத்தால் நூல் குருவிக்கூடாகிவிடும். எனக்கு அது வரவே இல்லை. நான் ராடுக்குக் கீழே தொங்குமே, அந்த ஸ்பின்னிங் ரீலோடு நின்றுவிட்டேன். அதில் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் எனக்கு வரவில்லை. விரால் தவளை மேல் பாய்ந்த உடனே ராடை இழுக்கக் கூடாது. அது முழுசாக வாயில் வாங்கித் திரும்பும் வரை பொறுக்க வேண்டும். 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். நான் 'ஒண்ணு' என்பதற்கு முன்பே அடித்துவிடுவேன். தவளை காலியாகப் பறந்து வந்து என் நெஞ்சில் மோதும்.

"ஏலே, மீனு சாப்பிடட்டும்ல. பந்தியில எலையப் புடுங்குதவன் மாதிரி நிக்க."

"நீ இன்னாத்துக்கு என்னுத பாத்துகினு கீற? உன் தவளைய பாரு."

"எந் தவளைக்கு ஒண்ணுமில்ல. ஒந் தவளைதான் பாவம், பறந்து பறந்து பறவையாயிட்டு."

ஆவணியில் அந்த மீனை முதலில் பார்த்தவனும் மாரிதான். வல்லக்கோட்டை போகும் சாலைக்குப் பின்னால், கம்பெனி சுவர்கள் முடிகிற இடத்தில் இருக்கிற ஏரி. அதன் வடமேற்கு மூலையில், கோரைக்கு நடுவே, தண்ணீர் மேல் ஒரு தட்டளவுக்குச் செக்கச்சிவந்த திட்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் விரால் குஞ்சு. மூச்சு விட மேலே வந்து, மழைத்துளி விழுவது மாதிரி சலசலத்துவிட்டுத் திரும்ப இறங்கும். அதற்குக் கீழே, பாதி தெரிந்தும் தெரியாமலும், என் தொடையளவு ஒரு கறுப்பு உடம்பு. காவல் நிற்கிற விரால் பசிக்காகக் கவ்வாது, கோபத்தில் கவ்வும். குஞ்சுகளுக்கு நடுவே தவளையை இழுத்தால் எந்தக் கைக்கும் மாட்டும்.

"இத தொடக் கூடாதுல," என்றான் மாரி. "ஒரு மாசம். குஞ்செல்லாம் பிரிஞ்சு போன பொறவு நேர்மையா புடிப்போம். எனக்கு மொதல் வீச்சு."

அறையில் அதற்கு 'மாரி விரால்' என்று பெயர் விழுந்துவிட்டது. மாரி விரால் எப்படி இருக்கு என்று அறிவுமதி தினமும் கேட்பான், பிரசவத்துக்குப் போன பெண்ணை விசாரிப்பது மாதிரி. அவன் மீன் பிடிக்கிறவன் இல்லை, கேலிக்காகக் கேட்பான்.

இருபது நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சிவப்புத் திட்டு வந்தது. இப்போது யோசித்தால் அதற்குப் பெயர் ஆசைகூட இல்லை. அவன் கையில் மாட்டுவதற்கு முன்பு ஒரே ஒரு தடவை என் கையில் மாட்ட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். சனிக்கிழமை எனக்கு முதல் ஷிஃப்ட், அவனுக்கு வார விடுமுறை. வெள்ளிக்கிழமை அவனிடம் போய், "மச்சி, அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போணும். பி.பி. ஏறிகினே கீது. நாளைக்கு என் ஷிஃப்ட் பாக்கிறியா?" என்றேன். என் அம்மா கனகத்துக்கு பி.பி. உண்டு. அன்றைக்கு ஒன்றும் ஏறவில்லை.

"இதுக்கு எதுக்குல கெஞ்சுத? அம்மைய பாரு போ," என்றான்.

அறிவுமதிக்கு மட்டும் உண்மை தெரியும். சொல்லிவிட்டுத்தான் போனேன்.

என்னுடைய பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற டை, தகட்டை அழுத்தும் இரும்பு அச்சு, இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் இரண்டு கையும் பட்டனில் இருந்தால் மணிக்கு அவர்கள் கேட்கிற கணக்கு வராது. அதனால் வலது பட்டனின் இடுக்கில் ஒரு அட்டையை மடித்துச் சொருகிவிடுவேன். அது அமுங்கியே கிடக்கும். ஒரு கையால் தகட்டை வைத்து, இன்னொரு கையால் இடது பட்டனைத் தட்டிக்கொண்டே போகலாம். எங்கள் லைனில் பாதிப் பேர் செய்கிற வேலை. ஷிஃப்ட் முடியும்போது அட்டையை எடுத்துவிட வேண்டும். அந்த மெஷின் முதல் ஷிஃப்டில் மட்டும்தான் ஓடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் எடுக்க மறந்தேன். எந்தத் தவளையைக் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாரி வெல்டிங் பகுதி. பிரஸ்ஸில் எப்போதாவது உட்காருவான், அதுவும் இரண்டு கையாலும்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் குஞ்சுகள் மேலே வந்தன. ஓரடி தள்ளி வீசி, அவற்றுக்கு நடுவே தவளையை இழுத்தேன். தண்ணீர் வெடித்தது. அன்றைக்கு மட்டும் நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு. எப்படி எண்ணினேன் என்று தெரியவில்லை. அவன் குரலில்தான் எண்ணினேன். கரையில் இழுத்துப் போட்டபோது ஆறு கிலோவுக்குக் குறையாது. ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அறிவுமதி. அவனைச் சுற்றி ஒரே வண்டிச் சத்தம், ஹாரன்.

"ரகுண்ணா, மாரி வெரல் போச்சுண்ணா!"

எங்கள் பேச்சில் விரலும் விராலும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொஞ்சம் இழுத்தால் மீன், இழுக்காவிட்டால் கை. எனக்கு அப்போது உலகத்தில் இருந்தது ஒரே ஒரு சொல்.

"ஆமாண்டா, போச்சு!" என்று கத்தினேன். சிரிப்பு வேறு. "மாரிக்குப் போனா இன்னா, எனக்கு மாட்டிகிச்சில்ல! போவட்டும் உடு!"

அந்தப் பக்கம் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அறிவுமதி மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, "அண்ணா, கைவெரல். மூணு வெரல். உன் மிஷின்ல. வேன்ல போய்கினு கீறோம்," என்றான்.

அவன் ஒரு கையால் துண்டை அழுத்திப் பிடித்திருந்ததால் போனை மடியில் ஸ்பீக்கரில் போட்டிருந்தான் என்பதை மறுநாள்தான் சொன்னான். மாரி அவன் தோளில் சாய்ந்திருந்தான். முழு நினைவோடு.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி வரை அறுவை அறைக்கு வெளியே நின்றேன். ஆட்காட்டி, நடு, மோதிரம், வலது கையில் மூன்றும் இல்லை என்றார்கள். வெளியே வந்து வண்டியைப் பார்த்தால் சாக்கு அசைந்தது. விரால் தண்ணீர் இல்லாமலும் வெகுநேரம் தாங்கும். ஒரு பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, ஏரிக்குக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே விட்டேன். கொஞ்ச நேரம் பக்கவாட்டில் கிடந்தது. பிறகு நிமிர்ந்து, ஒரு அவசரமும் இல்லாமல் கீழே போனது. குஞ்சுகளைத் தேடி நின்றேன். தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது.

இரண்டாம் நாள் வார்டுக்குள் விட்டார்கள். என்னைப் பார்த்ததும் மாரி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வாங்க ரகு. அம்மா எப்படி இருக்காங்க?"

அவ்வளவுதான். திட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அன்றிலிருந்து நானும் 'ங்க'வில் சேர்ந்தேன். டீ கொண்டு போனால் "வேண்டாங்க". கட்டு மாற்ற வண்டியில் கூட்டிப் போனால் "ரொம்ப நன்றிங்க". எல்லோருக்கும் அவன் கொடுத்த மரியாதையை எனக்கும் கொடுத்தான்.

கம்பெனி விசாரணையில், அட்டையைச் சொருகியது மாரிராஜ்தான், தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அதை லைனில் யாரோ சொல்லக் கேட்டேன். அவர்களாகவே அப்படி எழுதிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அவன் டிஸ்சார்ஜ் ஆகட்டும் சொல்லலாம், தையல் பிரிக்கட்டும் சொல்லலாம். அப்படியே அறுபது நாள்.

சொல்வதற்குப் பதிலாக ஒரு ரீல் தேடினேன். ஷிஃப்ட் முடிந்த பிறகெல்லாம் போனில் அதே வேலை. வலது கை போனவனுக்கு இடது கை ரீல். 'லெஃப்ட் ஹேண்ட்' என்று போட்டிருந்ததில் நல்லதாக, கறுப்பில், உருளை இலேசாகச் சுழல்கிறதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இலேசான தவளையும் தூரம் போகும் என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். அறிவுமதியிடமிருந்து மாரியின் ராடை வாங்கி, பழைய ரீலைக் கழற்றிவிட்டு, புதியதை மாட்டினேன். நாற்பது பவுண்டு தாங்கும் நூல் சுற்றினேன். கறுப்புத் தவளையைக் கட்டினேன், ஒரு பக்கம் கால் குட்டையாக வெட்டி.

ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரை. கம்பெனிச் சுவரோரம் அவன் பையை வைத்துவிட்டு ராடை உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவன் ரீலைப் பார்த்தான். இடது கையால் தடவினான். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினான். பிறகு முகத்தில் ஏதோ வந்தது, சிரிப்பு மாதிரி.

"லெஃப்ட் ஹேண்டுன்னா கைப்பிடி எடது பக்கம்னு அர்த்தங்க," என்றான். "எடது கையால சுத்தணும். அப்பொ ராடை வலது கையால புடிக்கணும்."

நான் அவன் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும், நடுவே ஒன்றுமில்லாத இளஞ்சிவப்பும்.

"என் பழசுக்குக் கைப்பிடி வலப்பக்கம். ராடை எடதுல புடிச்சிட்டு, இந்த ரெண்டு வெரலால சுத்திருக்கலாம். அதுவே போதும். நீங்க ஒண்ணும் வாங்கியிருக்க வேண்டாம்."

என் ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியை எந்தப் பக்கமும் மாற்றலாம். அதனால் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியே வரவில்லை. பழைய ரீல் அறையில் அறிவுமதியின் பெட்டிக்கடியில் கிடந்தது.

"நான் போய் எடுத்தாந்துட்றேன். அர மணி நேரம்."

"நேரம் இல்லங்க." கொஞ்சம் யோசித்தான். நான் நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "சரி, பாப்போம்."

இடது கையால் வீசினான். முதல் தடவை நூல் குருவிக்கூடானது. என்னைக் கிட்ட வர விடாமல், பல்லாலும் சுண்டுவிரலாலும் பிரித்தான். இரண்டாம் தடவை தவளை பத்தடியில் விழுந்தது. மூன்றாம் தடவை கோரையின் ஓரத்தில், நாங்கள் எப்போதும் ஆசைப்படுகிற அந்த இடுக்கில், இலை உதிர்வது போல் விழுந்தது. ராடின் அடியை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் சுற்றினான். தவளை தலையை இப்படியும் அப்படியும் திருப்பி நடந்தது. நிறுத்தினான்.

தண்ணீர் வெடித்தது.

ராடு அவன் அக்குளிலிருந்து வழுக்கியது. வலது கை தானாகவே பிடிக்கப் போய்ப் பிடிக்க முடியாமல்—

"ஏலே! ஏலே ரகு! புடில!"

பாய்ந்து பிடித்தேன். அந்தச் சொல் என் காதுக்குள் இறங்கி நெஞ்சு முழுக்க நிறைந்துவிட்டது. எண்ண வேண்டும் என்று தெரியும். 'ஒண்ணு' என்று அவன் சொல்ல வாயெடுத்தது கூடக் கேட்டது. அதற்குள் நான் அடித்துவிட்டேன். கறுப்புத் தவளை காலியாகப் பறந்து வந்து என் நெஞ்சில் மோதிக் கீழே விழுந்தது.

வட்டம் விரிந்து விரிந்து கோரையில் போய் அடங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் என்னை ஏலே என்று சொல்லிவிட்டான். அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

"மாரி, அந்த அட்டைய சொருவனது நான்தான்டா."

அவன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுங்க," என்றான். "அட்டையில தவளப் படம் போட்டிருந்துச்சு. பச்சத் தவள. உங்க பொறந்த நாளைக்கு நான் வாங்கிக் குடுத்த பாக்கெட்டு."

எனக்கு அந்தப் பாக்கெட் ஞாபகம் வந்தது. தவளையை எடுத்துக்கொண்டு, பின்னால் இருக்கிற அட்டை நல்ல தடிமனாக இருக்கிறது என்று பையில் வைத்துக்கொண்டதும்.

"தெரிஞ்சா ஏன்டா சொல்லல? நீ சொருவனன்னுதான எழுதிகிறானுங்க."

"நாந்தான் அப்படிச் சொன்னேன். துண்டு சுத்திட்டு இருக்கும்போதே சூப்பர்வைசர் கேட்டார், யார் வச்சதுன்னு. நான்னு சொல்லிட்டேன்." இப்போது என்னைப் பார்த்தான். கண்ணில் கோபம் இருந்தால் அதையாவது பிடித்துத் தொங்கியிருப்பேன். இல்லை. "உங்க அம்மைக்கு முடியலன்னு சொல்லியிருந்தீங்க. இந்த நேரத்துல உங்களுக்கு வேலை போச்சுன்னா அம்மைய யாரு பாப்பான்னு நெனச்சேன். அதுக்குப் பொறவுதாங்க வேன்ல ஏத்துனாங்க. அதுக்குப் பொறவுதான் அறிவுமதி போன் போட்டார்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஷிஃப்ட் பஸ் ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம் வந்தது.

"நான் வெரல்னு கேக்கல மாரி. சத்தியமா. விரால்னுதான்…"

"அதுவும் தெரியுங்க. அன்னைக்கே புரிஞ்சுது." நூலை மெதுவாகச் சுற்றி, தவளையை ராடின் வளையத்தில் மாட்டினான். "அப்பவும் நீங்க ஏரியிலதான இருந்தீங்க."

நான் நாளைக்கே போய் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். எழுதுங்க என்றான். அறிக்கையில் தன் பெயர் மேல் தப்பு இல்லையென்று இருந்தால் ஊரில் அப்பா சந்தோஷப்படுவார் என்றான். ராடை என்னிடம் நீட்டினான். அதை ஊருக்கு எடுத்துப் போகச் சொன்னேன். வேண்டாங்க, பஸ்ஸில் வைக்க இடம் இருக்காது என்றான்.

கிளாம்பாக்கம் வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். முன்பெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொள்வான். அன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டான், இடது கையால். வண்டலூர் சிக்னலில் திரும்பிப் பார்க்க நினைத்தேன், பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியாக, "பாத்துப் போங்க ரகு, லாரிக்காரங்க கண்ணு மண்ணு தெரியாம வாராங்க," என்றான்.

திங்கட்கிழமை காலை ஆபீசில் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அட்டையைப் பற்றி, மறந்ததைப் பற்றி, அம்மாவைக் காரணம் காட்டி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதைப் பற்றி, வலது பட்டன் அமுங்கியிருப்பது தெரியாமல், இடது கையைப் பட்டனில் வைத்தபடியே அவன் தகட்டைச் சரிசெய்ய வலது கையை உள்ளே விட்டதைப் பற்றி. 'மாரிராஜின் மூன்று விரால்கள்' என்று எழுதியிருந்ததைக் கடைசியில் திருப்பிப் படிக்கும்போதுதான் கவனித்தேன். ஒரே ஒரு துணைக்கால்தான் அதிகம். அதை அடித்தேன். அடித்தது தெரியக் கூடாது என்று மேலும் அடித்தேன், தாள் கிழிந்துவிட்டது. வேறு தாள் வாங்கி முதலிலிருந்து எழுதினேன்.

கேட்டில் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து, எழுதிக் கொடுத்ததை எடுத்திருந்த போட்டோவை மாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. திரும்ப எழுதுகிறான் என்று காட்டியது. வெயிலில் வண்டி மேல் உட்கார்ந்து, தவளையை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பது மாதிரி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினேன். இருபது வரை எண்ணினேன்.

"சரிங்க," என்று வந்தது.